ஆனைக் கற்றாழை வகையின் சாராயம்: டெக்கீலாவும் மெஸ்கலும், ஓர் எளிய விளக்கம்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் மெக்ஸிகோ நாட்டுச் சாராயமான டெக்கீலா பற்றிப் பேச்சு வந்தால் போதும், ஆளுக்கொரு கதை கிளம்பும். "அது கள்ளியிலிருந்து எடுக்கிறது" என்பார் ஒருவர். "பாட்டிலுக்குள்ளே புழு கிடக்கும்" என்பார் இன்னொருவர். "மற்ற சரக்கு மாதிரி இல்லப்பா, அது ஏறுற விதமே வேற" என்பார் மூன்றாமவர். உப்பை நக்கி, ஒரே மடக்கில் விழுங்கி, எலுமிச்சையைக் கடித்து முகம் சுளிப்பதுதான் முறை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள். முதல் மூன்றும் தவறு. நாலாவது, நல்ல டெக்கீலாவுக்கு நாம் செய்யும் அநியாயம்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் வேலை விஷயமாக மெக்ஸிகோ போனபோது கிடைத்த விடுமுறையில் வஹாகா மாநிலத்துக்குப் போய், டெக்கீலாவின் உறவுக்காரச் சாராயமான மெஸ்கல் காய்ச்சும் ஓர் இடத்தில் இரண்டு நாள் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தச் சின்னக் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இது பெரும்பாலும் ஒரு செடியின் கதை.

நமக்குத் தெரிந்த செடிதான்

ரயிலில் போகும்போது தண்டவாளத்தின் ஓரத்தில் சாம்பல் பூத்த பச்சையில், வாள்வாளாக மடல் விரித்து நிற்கும் செடியைப் பார்த்திருப்பீர்கள். ரயில் கற்றாழை என்போம், ஆனைக் கற்றாழை என்போம். ஆடு மாடு புகாமல் இருக்க வேலியோரம் வைப்பார்கள். மடலை ஊறப்போட்டு நார் எடுத்துக் கயிறு திரிப்பார்கள். அதன் சாறு பட்டால் தோல் அரித்து எடுத்துவிடும் என்பது அந்த வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். இந்தச் செடி வகையின் பெயர்தான் அகாவே. ஆனைக் கற்றாழை மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் வேர் பிடித்தது. அதே இனத்தின் ஒரு வகையிலிருந்து வஹாகாவில் இன்றும் மெஸ்கல் காய்ச்சுகிறார்கள்.

அகாவே கள்ளி அல்ல. சப்பாத்திக்கள்ளி வேறு குடும்பம். வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் சோற்றுக் கற்றாழையும் அல்ல. பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. தாவரவியல்படி இதற்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நாட்டு மருந்துக் கடையில் விற்கும் தண்ணீர்விட்டான் கிழங்கின் கொடி. பார்த்தால் நம்ப முடியாது, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம்.

இந்தச் செடியைப் புரிந்துகொள்ள வாழையை நினைத்துக்கொண்டால் போதும். வாழை ஒரே ஒரு முறை குலை தள்ளும், பிறகு சாயும். அதற்குள் அடியில் கன்று விட்டிருக்கும். அகாவேயும் அப்படியே. வாழைக்கு ஒரு வருடம் என்றால் இதற்கு ஏழு வருடம், பத்து வருடம், சில இனங்களுக்கு இருபத்தைந்து வருடமும் ஆகும். அத்தனை வருடமும் வெயிலில் நின்று, கிடைத்ததையெல்லாம் நடுத்தண்டில் சேர்த்து வைக்கும். ஒரு நாள் அந்தச் சேமிப்பை மொத்தமாகச் செலவழித்து, விளக்குக் கம்பம் உயரத்துக்கு ஒரே பூந்தண்டை எழுப்பும். பூத்துக் காய்த்ததும் செடி காய்ந்து போகும்.

டெக்கீலா, மெஸ்கல் எல்லாமே இந்தச் சேமிப்பிலிருந்துதான் வருகின்றன. பூந்தண்டு தலைகாட்டும் சமயத்தில் அதை வெட்டிவிடுவார்கள், அல்லது அதற்குச் சற்று முன்பே செடியை அறுத்துவிடுவார்கள். பூவுக்காக வைத்திருந்த இனிப்பு தண்டிலேயே தங்கிவிடும்.

இதுவரை சொன்னது: செடியின் பெயர் அகாவே, அது கள்ளி அல்ல. வாழ்நாளில் ஒரே முறை பூக்கும். பூப்பதற்காகச் சேர்த்து வைத்த இனிப்புதான் மூலப்பொருள்.

கள் வேறு, சாராயம் வேறு

நமக்குப் பனையும் தென்னையும் தெரியும் என்பதால் இந்தப் பகுதி சுலபம். பாளையைச் சீவினால் பதநீர் வடிகிறது. சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அது தானாகப் புளித்துக் கள்ளாகிறது. காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் நுரையையும் வெளியே விடுகிறது. இதற்குப் பெயர் நொதித்தல்.

மெக்ஸிகோவிலும் அப்படியே ஒரு கள் உண்டு. சில பெரிய அகாவே இனங்களின் நடுவைக் குடைந்து குழியாக்கினால் இனிப்பான நீர் ஊறும். அதன் பெயர் அகுவாமியெல், அதாவது தேன்நீர். நம் ஊரில் மரமேறிகள் காலையும் மாலையும் மரம் ஏறுவதுபோல அங்கேயும் தினம் இரண்டு வேளை போய், நீண்ட சுரைக்குடுக்கையால் உறிஞ்சி எடுக்கிறார்கள். புளித்தால் அது புல்கே. வெள்ளையாக, கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். ஸ்பானியர்கள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே குடித்து வருகிறார்கள். மாயாவெல் என்று அகாவேக்கு ஒரு பெண் தெய்வமே உண்டு.

சாராயம் என்பது அடுத்த படி. ஓமத்தீநீர் எப்படி எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஓமத்தையும் தண்ணீரையும் வாலை என்ற வடிக்கும் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கினால் ஆவி எழும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் மணமுள்ள நீர் சொட்டும். புளித்த சாற்றை வைத்து இதையே செய்தால், தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதற்கு முன்பே 78 டிகிரியில் கொதிக்கும் சாராயச் சத்து முந்திக்கொண்டு ஆவியாகிறது. அதைப் பிடித்துக் குளிரவைப்பதுதான் வடித்தல்.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்குகிறார்கள். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்தால் தென்னஞ்சாராயம் கிடைக்கிறது. ஆகவே புல்கேயை வடித்தால் டெக்கீலா என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. புல்கே உயிருள்ள செடியின் நீரிலிருந்து வருகிறது. டெக்கீலாவுக்கும் மெஸ்கலுக்கும் செடியை வெட்டி, அதன் நடுத்தண்டைச் சுட்டு, சாறு பிழிந்து புளிக்கவைக்க வேண்டும். கள் இறக்கும் மரமும் வெல்லம் காய்ச்சும் கரும்பும் எப்படி வேறோ அப்படி இரண்டும் வேறு.

தென்னங்கள்ளுக்கும் மெஸ்கலுக்கும் வேறு வழியில் ஓர் உறவு இருக்கலாம். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மேற்குக் கரையில் கொலிமா பக்கம் குடியேறி, தென்னங்கள் இறக்கி, அதை வடித்துச் சாராயமும் எடுத்தார்கள். குடைந்த மரத்தண்டு, மேலே குளிர்ந்த நீர் வைத்த சட்டி என்ற அவர்களுடைய எளிய வாலைதான் உள்நாட்டுக்குப் பரவி அகாவேயை வடிக்க வழிகாட்டியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஸ்பானியர்களுக்கு முன்பே அங்கே வடித்தல் தெரிந்திருந்தது என்று வாதிடுவோரும் உண்டு. கொலிமாவில் இன்றும் தென்னம்பாளையில் வடியும் நீரைத் தூபா என்ற பிலிப்பைன்ஸ் பெயரிலேயே விற்கிறார்கள். கள்ளின் உலகம் நாம் நினைப்பதைவிடப் பெரியது.

ஏன் சுட வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் நிறுத்த வேண்டும் என்றால் அது இதுதான். பச்சை அகாவேயைப் பிழிந்து புளிக்க வைத்தால் சாராயம் சரியாக வராது. காரணம், அதிலுள்ள இனிப்பு சர்க்கரை வடிவத்தில் இல்லை. சர்க்கரைத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோர்த்து நீளமான சரமாகக் கிடக்கின்றன. அந்தச் சரத்துக்கு ஃப்ருக்டான் என்று பெயர். உதிரிப் பூவை மெல்லும் ஈஸ்டால் கட்டின சரத்தை மெல்ல முடியாது. சூடு பட்டால்தான் நூல் அறுந்து, சரம் உதிரியாகும்.

இது நமக்குப் புதியதல்ல. ஃபில்டர் காபியில் சேர்க்கும் சிக்கரி வேரிலும் இதே வகைச் சரம்தான் இருக்கிறது. பச்சை வேர் கசக்கும். வறுத்தால் சரம் உடைந்து, கொஞ்சம் கருகி, அந்தக் கருத்த இனிப்பு வருகிறது. காபி டிகாஷனில் அடியில் நிற்கும் வெல்லப் பாகு வாசனையை நினைத்துக்கொண்டு வெந்த அகாவேயை வாயில் போட்டால், "அட, இது தெரிந்த ருசியாச்சே" என்று தோன்றும்.

அறுவடை செய்கிறவர் ஹிமடோர். கையில் கோவா என்ற நீண்ட கம்பு. நுனியில் வட்டமான, கூரான தகடு. மடல்களை ஒவ்வொன்றாக அடியோடு சீவித் தள்ளினால் நடுவில் ஓர் உருண்டை மிஞ்சும். பார்ப்பதற்கு ராட்சத அன்னாசிப்பழம் மாதிரி இருப்பதால் அதற்குப் பின்யா என்று பெயர். ஸ்பானிய மொழியில் அன்னாசி. முப்பது, நாற்பது கிலோ சாதாரணம். ஒரு லிட்டர் டெக்கீலாவுக்கு ஏறத்தாழ 7 கிலோ பின்யா தேவைப்படும்.

வஹாகாவில் நான் நின்ற இடம் சாந்தியாகோ மத்தத்லான் என்ற ஊர்ப் பக்கம். அங்கே காய்ச்சுமிடத்தைப் பலேன்கே என்கிறார்கள். முற்றத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான, புனல் வடிவக் குழி. அடியில் விறகை எரித்து, மேலே கற்களை அடுக்கி, கல் பழுக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஈரச் சக்கையை ஒரு பரப்புப் பரப்பி, அதன்மேல் பிளந்த பின்யாக்களை மலைபோல் குவித்து, பாயும் சாக்கும் போட்டு, மண்ணால் மூடிவிடுகிறார்கள். மூன்று நாள், நாலு நாள், ஐந்து நாள்கூட அப்படியே கிடக்கும். ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குவியலைக் கண்டதும் ஊர் ஞாபகம் வந்துவிடும். சில இடங்களில் எரிக்கும் மெஸ்கீட் விறகுகூட நம் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். சீமைக் கருவேலமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம்.

நான் போன அன்று ஒரு குழியைத் திறந்தார்கள். மண்ணை விலக்கியதும் ஆவியோடு சேர்ந்து வந்த வாசனையை எப்படிச் சொல்வது? சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காய்ச்சிய வெல்லப்பாகு, மழைக்குப் பிறகான அடுப்பங்கரைப் புகை. வெள்ளையாக இறங்கிய பின்யா தேன் நிறத்தில் வெளியே வந்திருந்தது. வேலை செய்த ஒருவர் கையளவு துண்டைப் பிய்த்துக் கொடுத்தார். கரும்பு மாதிரி மென்று, சாற்றை விழுங்கிவிட்டு, சக்கையைத் துப்ப வேண்டும். நார் பல்லில் சிக்கிக்கொண்டது. நாக்கின் ஓரத்தில் புகை. நடுவில் நல்ல இனிப்பு.

மெஸ்கலின் புகைவாசம் இந்தக் குழியில்தான் பிறக்கிறது. யாரும் பிறகு சேர்ப்பதில்லை. டெக்கீலாவில் பெரும்பாலும் புகை இருக்காது. காரணம், அங்கே செங்கல் அடுப்பில் நீராவி விட்டு ஒன்றரை, இரண்டு நாள் வேகவைக்கிறார்கள், அல்லது பிரஷர் குக்கர் போன்ற பெரிய எஃகு உருளையில் அரை நாளுக்குள் முடித்துவிடுகிறார்கள். கடற்கரையில் விற்கும் வேகவைத்த சோளக்கதிருக்கும் தணலில் சுட்ட சோளக்கதிருக்கும் உள்ள வித்தியாசம்தான் டெக்கீலாவுக்கும் மெஸ்கலுக்கும். கதிர் ஒன்று, சூடு காட்டிய விதம் வேறு.

சில பெரிய ஆலைகளில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பச்சை அகாவேயையே துருவி, வெந்நீர் பாய்ச்சிச் சத்தைக் கழுவி எடுத்து, அந்த நீரைச் சூடாக்கிச் சரத்தை உடைக்கும் இயந்திரம். அதன் பெயர் டிஃப்யூசர். செலவு மிச்சம், வீணாவது குறைவு. ஆனால் வெந்த அகாவேயின் ருசி அதில் மெலிந்துபோகிறது என்பது என் அனுபவம். சிக்கரியை வறுக்காமல் காபி போட்டால் என்ன கிடைக்கும்?

சுருக்கமாக: அகாவேயின் இனிப்பு சரமாகக் கட்டிக் கிடக்கிறது, சூடுதான் அதை உதிர்க்கிறது. நீராவியில் வெந்தால் டெக்கீலாவின் சுத்தமான ருசி. மண்குழியில் சுட்டால் மெஸ்கலின் புகை.

நசுக்கி, புளிக்கவைத்து, வடித்து

வெந்த பின்யாவை நசுக்க நம் செக்கு போன்ற ஒன்று இருக்கிறது. வட்டமான தளத்தில் ஒரு பெரிய கல் சக்கரம். குதிரையோ கோவேறு கழுதையோ இழுத்துச் சுற்றிவரும். அதன் பெயர் தவோனா. பெரிய ஆலைகளில் கரும்பாலை மாதிரி உருளைகள் நசுக்குகின்றன.

பலேன்கேயில் சாறும் நாரும் சேர்ந்தே மரத்தொட்டிக்குப் போகின்றன. திறந்த தொட்டி, ஈஸ்டைத் தனியாகப் போடுவதில்லை, காற்றில் இருப்பதே போதும். தொட்டியின் மேல் நார் ஒரு மெத்தை போல மிதந்தது. கையை அருகில் கொண்டுபோனால் வெதுவெதுப்பு தெரிந்தது. காதை வைத்தால், சோறு பொங்கி அடங்கும்போது கேட்குமே, அந்த மெல்லிய சலசலப்பு. தேனீக்கள் மொய்த்தன. வாசனை சாயங்காலக் கள்ளுப் பானை வாசனையேதான்.

புளித்ததை இரண்டு முறை வடிப்பார்கள். செம்பு வாலை பொதுவழக்கம். சில கிராமங்களில் இன்றும் மண்பானை. முதலில் சொட்டுவதற்குத் தலை என்று பெயர். காட்டமானது, மூக்கைக் குத்தும். கடைசியில் வருவது வால். நீர்த்து, புளிப்பு வாடையோடு இருக்கும். நடுவில் வருவது இதயம். எங்கே தலையை நிறுத்துவது, எங்கே வால்பகுதியை வெட்டுவது என்பதில்தான் காய்ச்சுகிறவரின் கை தெரியும்.

அதை அவர்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கே இருந்த மூத்த மெஸ்கலேரோ, மெஸ்கல் காய்ச்சுகிறவருக்கு அதுதான் பெயர், ஒரு நாணல் குழாயில் சாராயத்தை உறிஞ்சி, ஹிகரா எனும் குடுக்கை ஓட்டுக் கிண்ணத்தில் உயரத்திலிருந்து விட்டார். மேலே முத்து முத்தாகக் குமிழிகள் எழுந்து விளிம்பில் வட்டமாக ஒட்டி நின்றன. அவர் கிண்ணத்தை ஆட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். குமிழி நின்றால் சாராயச் சத்து சரியான அளவு, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. உடனே உடைந்தால் கூடுதல் அல்லது குறைவு. 2020இல் ராபர்த்தோ செனித் என்ற இயற்பியலாளரும் அவர் குழுவினரும் இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அந்தக் கணிப்பு சரியானதே என்று காட்டினார்கள். நீரும் சாராயமும் அந்த விகிதத்தில் கலக்கும்போதுதான் குமிழியின் ஆயுள் அதிகம். மெஸ்கலேரோவுக்கு ஆய்வுக்கட்டுரை தேவைப்படவில்லை. அவர் அப்பா காட்டிக்கொடுத்தது.

காஞ்சிபுரம் கட்டியிருக்கிறாள் என்பது போல

இப்போது பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். மெஸ்கல் என்பது மெக்ஸிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டல் மொழிச் சொல். வெந்த அகாவே என்று பொருள். முற்காலத்தில் அகாவேயைச் சுட்டு வடித்த எல்லாமே மெஸ்கல்தான். ஹலிஸ்கோ மாநிலத்தில் குவாதலஹாரா நகரத்துக்கு அருகில் டெக்கீலா என்று ஓர் ஊர். அங்கே காய்ச்சிய மெஸ்கலுக்குப் பேர் வந்தது. "டெக்கீலா ஊர் மெஸ்கல்" என்பது நாளடைவில் வெறும் டெக்கீலா ஆயிற்று. பட்டுப்புடவை என்று சொல்லாமல் "காஞ்சிபுரம் கட்டியிருக்கிறாள்" என்கிறோமே, அதுபோல.

பிறகு சட்டம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருப்பதுபோல டெக்கீலா என்ற பெயருக்கு 1974இல் காப்பு கிடைத்தது. ஹலிஸ்கோ முழுவதும், இன்னும் நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். செடியும் ஒன்றே ஒன்று: நீல அகாவே. மெஸ்கலுக்கு 1994இல் தனிக் காப்பு வந்தது. அதன் பெரும்பகுதி வஹாகாவில்தான் உற்பத்தியாகிறது. மெஸ்கலுக்குச் செடி இன்னதுதான் என்ற கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அதில் ருசி பல தினுசு.

ஒரே செடி என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. நீல அகாவேயை விதை போட்டு வளர்ப்பதில்லை, வாழை போலக் கன்று பிரித்தே நடுகிறார்கள். வயல் முழுக்க ஒரே செடியின் நகல்கள். 1990களின் கடைசியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தாக்கியபோது ஹலிஸ்கோவின் வயல்கள் பெரிய சேதம் கண்டன, பின்யா விலை பல மடங்கு ஏறியது. பூக்க விடாமலே வெட்டுவதால் இரவில் அகாவேப் பூத்தேன் குடிக்கும் வௌவால்களுக்கும் இரை குறைகிறது. மகரந்தம் சேர்ப்பவை அவைதான். வயலில் கொஞ்சம் செடிகளைப் பூக்க விடும் விவசாயிகள் இப்போது சிலர் உண்டு. அவர்களுடைய பாட்டில் கண்ணில் பட்டால் நான் அதையே எடுப்பேன்.

மெஸ்கல் பக்கம் அதிகம் பயிராவது எஸ்பதீன். ஏழெட்டு வருடத்தில் தயாராகும், நீல அகாவேயின் நெருங்கிய உறவு. தொபலா என்பது மலைப்பாறை இடுக்கில் வளரும் சிறிய இனம், நல்ல மணம். தெபெஸ்தாதே முற்ற இருபத்தைந்து வருடம்கூட ஆகும். "தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்களே, தெபெஸ்தாதே பனையின் பக்கம். காட்டிலிருந்து வெட்டிக்கொண்டே இருந்தால் தீர்ந்துபோகும் என்பதால் விலை அதிகம், கவலையும் அதிகம்.

வேறு உறவுகளும் இருக்கின்றன. ஹலிஸ்கோ மலைப்பகுதியின் ரைசிய்யா. சொனோரா மாநிலத்தின் பகனோரா, 1915 முதல் 1992 வரை தடையில் இருந்து ஒளிந்து ஒளிந்து காய்ச்சப்பட்டது. சிவாவா பக்கத்து சோடோலை இதோடு சேர்த்துப் பேசுவார்கள், ஆனால் அதன் செடி அகாவே அல்ல.

பாட்டிலில் எதைப் பார்ப்பது

முதலில், "100% அகாவே" என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் அதில் பாதி வரை, சட்டப்படி 49 சதவீதம் வரை, கரும்பு போன்ற வேறு சர்க்கரையிலிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்கு மிக்ஸ்தோ என்று பெயர். நம் ஊர்க் கொண்டாட்டங்களில் உப்பும் எலுமிச்சையும் வைத்துக் குடிப்பது பெரும்பாலும் இதுதான். தங்க நிறமாக இருந்தால் உசத்தி என்று நினைக்க வேண்டாம்; கேரமல் சேர்த்தாலும் அந்த நிறம் வரும்.

அடுத்து வயது. பிளாங்கோ என்றால் ஓக் பீப்பாயில் ஊறாதது, அல்லது மிகக் குறைவாக ஊறியது. ரெபொசாடோ குறைந்தது இரண்டு மாதம், அன்யெஹோ குறைந்தது ஒரு வருடம், எக்ஸ்ட்ரா அன்யெஹோ குறைந்தது மூன்று வருடம். விஸ்கி பழக்கத்தில் வருகிறவர்கள் வயது கூடினால் தரம் கூடும் என்று நேராக அன்யெஹோவுக்குப் போவார்கள். நான் பிளாங்கோவில் தொடங்கச் சொல்வேன். ஏழு வருடம் மண்ணில் நின்ற செடி அது. பீப்பாயின் வனிலா வாசம் மேலே படியாமல் அகாவே தன் குரலில் பேசுவது பிளாங்கோவில்தான்.

100% அகாவே டெக்கீலாவிலும் ஒரு சதவீதத்துக்கு உட்பட்டு நிறம், இனிப்பு, ஓக் சாரம், வழவழப்புக்குக் கிளிசரின் சேர்க்க விதி இடம் கொடுக்கிறது; அதைப் பாட்டிலில் சொல்ல வேண்டியதில்லை. கேக் வாசனையோடு தித்திக்கும் டெக்கீலா கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் நோம் (NOM) என்று போட்டு நாலு இலக்க எண் இருக்கும். அது ஆலையின் எண். வேறு வேறு பெயருள்ள இரண்டு பாட்டிலில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே ஆலையில் வடித்தவை.

மெஸ்கல் பாட்டிலில் இன்னும் நிறையச் சொல்வார்கள். எந்த அகாவே, எந்த ஊர், யார் காய்ச்சியது என்றுகூட இருக்கும். ஆர்தெசனால் என்றால் கைத்தொழில் முறை. அன்செஸ்ட்ரால் என்றால் மண்பானையில் வடித்தது.

புழு? அது டெக்கீலாவில் கிடையவே கிடையாது. சில மெஸ்கல் பாட்டிலில் கிடப்பது அகாவேயைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு. 1950 வாக்கில் விற்பனைக்காகத் தொடங்கிய வழக்கம். வஹாகாவில் அந்தப் புழுவை வறுத்து, மிளகாயோடும் உப்போடும் அரைத்து வைத்துக்கொள்வார்கள். அது வேறு விஷயம், ருசியானது.

ஏறும் விதம் பற்றி

டெக்கீலாவின் சாராயச் சத்து பிராந்தியில் இருக்கும் அதே சாராயச் சத்துதான். 40 சதவீதம் என்றால் எதிலும் 40 சதவீதம். வேறு மாதிரி ஏறுகிறது என்று தோன்றக் காரணம், அதை மட்டும் வரிசையாக ஒரே மடக்கில் குடிப்பது. மெஸ்கலுக்கும் மெஸ்கலைன் என்ற போதைப்பொருளுக்கும் பெயர் ஒலிதான் ஒற்றுமை. பின்னது பெயோத்தே எனும் கள்ளியில் இருப்பது.

கைப்பேசியில் சுற்றும் இன்னொரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும்: டெக்கீலா சர்க்கரை நோய்க்கு நல்லது என்பது. பச்சை அகாவேயின் ஃப்ருக்டானை எலிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்தார்கள், அது உண்மை. ஆனால் மேலே பார்த்தோமே, சூட்டில் அந்தச் சரம் உடைந்து, உடைந்ததை ஈஸ்ட் தின்று, மிஞ்சியதை வாலையில் விட்டுவிட்டுத்தான் டெக்கீலா வெளியே வருகிறது. அதில் ஃப்ருக்டான் எங்கே இருக்கும்? சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் யாரும் இதை நம்பிக் குடிக்காதீர்கள்.

மெல்ல, முத்தமிடுவது போல

வஹாகாவில் மெஸ்கலை முத்தமிட வேண்டும் என்பார்கள். உதடு நனையும் அளவுக்கு ஒரு சிப். முதல் சிப் எரியத்தான் செய்யும். அது வாயைத் தயார்படுத்துவதற்கு. இரண்டாவதில் ருசி தெரியும். ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி மணத்தை அடைத்துவிடும். அகலமான சின்னக் கிண்ணம் நல்லது. மூக்கை உள்ளே விடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மோந்து பாருங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், வயிற்றில் சாப்பாடு இருக்கட்டும். ஒரு மாலைக்கு ஒரு சின்னக் கிண்ணம் எனக்குத் தாராளமாகப் போதும்.

டெக்கீலாவோடு மெக்ஸிகோவில் பலர் சங்ரீதா என்ற ஆரஞ்சு, தக்காளி, மிளகாய்ச் சாற்றை மாற்றி மாற்றிச் சுவைப்பார்கள். மெஸ்கலுக்கு ஆரஞ்சுத் துண்டும் அந்தப் புழு உப்பும். நேராகக் குடிக்கப் பிடிக்காவிட்டால் பலோமா இருக்கிறது: டெக்கீலா, கிரேப்ஃப்ரூட் சோடா, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. மார்கரீட்டா என்ற பிரபலமான டெக்கீலா கலவையைவிட அங்கே வீடுகளில் அதிகம் பார்த்தது இதைத்தான். எலுமிச்சை நம் கைக்குப் பழகினது என்பதால் நம் ஆட்களுக்கு இது உடனே பிடிக்கும்.

கிளம்பும் நாளில் அந்த மெஸ்கலேரோ என் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கையையும் தேய்க்கச் சொன்னார். தேய்த்து மோந்ததும் மூக்கில் ஏறியது காட்டமான சாராயம். "பொறு" என்று கைகாட்டினார். அரை நிமிடத்தில் சாராயம் பறந்துவிட்டது, பின்னாலேயே புகையும் மெலிந்தது. கையில் மிஞ்சி நின்றது, முதல் நாள் குழியோரம் நின்று நான் மென்று துப்பிய அந்தத் துண்டின் வாசனை.